வெள்ளிக்கிழமை வைத்த சாவி

ஜனவரி 12, திங்கள்

மகள் யாதவியின் காலுறை ஒன்று வேலைக்குப் பேர்ன் வரை என் கோட்டுப் பைக்குள் வந்திருக்கிறது. ரயிலில் கையுறையைத் தேடினால் அதுதான் கையில் அகப்பட்டது. அப்படியென்றால் பிள்ளை நொஷாட்டலில், கிரெஷ் என்கிற குழந்தைக் காப்பகத்தில், ஒற்றைக் காலுறையோடா இருக்கிறாள்? அங்கே ஃபோன் எடுத்துக் கேட்போமா என்று பாதி வழி யோசித்தேன். எடுக்கவில்லை. போன வாரமே இரண்டு தடவை எடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தால் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள்.

வேலையில் சேர்ந்து ஆறு வாரம். சோதனைக் காலம் பெப்ரவரி கடைசியில் முடிகிறது. அதுவரை ஏழு நாள் அறிவித்தலில் அனுப்பிவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்தப் பந்தியை எத்தனை தரம் வாசித்துவிட்டேன்!

23ஆம் திகதி எங்கள் செயலியைப் பழைய சேர்வரிலிருந்து குபர்நெட்டிஸ் என்கிற புது மேடைக்கு மாற்றுகிறோம். மாற்றும் பொறுப்பு என்னுடையது. "நீ செய், நான் பார்க்கிறேன்" என்றார் ரெகுலா, எங்கள் குழுத் தலைவி. நம்பிச் சொன்னாரா, சோதிக்கச் சொன்னாரா?

ஜனவரி 15, வியாழன்

இன்று உணவகச் சமையலறையில் லீவு என்பதால் பிள்ளையை எடுக்க என் கணவர் லக்ஷன் போனார். கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்களாம்! யாதவியைத் திங்கட்கிழமை வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். புது அறைப் பட்டியலில் என் பெயர் மட்டும்தான். அவர் அடையாள அட்டையைக் காட்டினார். அப்பா என்றார். பிள்ளை வேறு அவரைக் கண்டு கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள். அறைக்குப் பொறுப்பாக இருந்தது புதுப் பெண், அசையவில்லை. கடைசியில் நான் பேர்னிலிருந்து கதைத்துத்தான் விட்டார்கள்.

"என்ரை மூக்கு அப்பிடியே அவளின்ரை முகத்திலை இருக்கு. இதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும் எண்டு கேட்டன்," என்றார்.

"என்ன சொன்னவை?"

"மூக்கைப் பட்டியலிலை போடேலாதாம்."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவருக்குச் சொன்னேன், எங்கள் சேர்வரும் இப்படித்தான் என்று. முன்பெல்லாம் சேர்வர் கையில் ஒரு சாவியைக் கொடுத்துவிடுவோம். சாவி யார் கையில் இருந்தாலும் தரவுத்தளம் திறக்கும், திருடன் கையிலும்தான். இப்போது சாவியே கிடையாது. இந்த நேம்ஸ்பேஸில், அதாவது இந்த அறையில், இந்தப் பெயரில் ஓடுகிற சேர்வர் இவர்தான் என்று குபர்நெட்டிஸ் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கும். கிளவுட் தன் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு உள்ளே விடும். வேர்க்லோட் ஐடென்டிட்டி என்று பெயர்.

"அப்ப உம்மடை சேர்வருக்கும் மூக்கு உதவாது," என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

முதல் பல். கீழே, இடது பக்கம்.

ஜனவரி 23, வெள்ளி

எழுதாமல் படுக்க முடியாது.

நேற்று ஒத்திகை பார்த்துவிட்டு, இன்று நாலு மணிக்கு மாற்றினோம். திரையில் எல்லாம் பச்சை. முகிலன் கைதட்டினான். கோயம்புத்தூர்க்காரன், என் பக்கத்து மேசை, அலுவலகத்தில் தமிழ் கதைக்கக் கிடைத்த ஒரே ஆள். நாலே முக்காலுக்குச் சிவப்பு. தரவுத்தளம் உள்ளே விடமாட்டேன் என்கிறது. உடனே விளங்கிவிட்டது. சோதனை நேம்ஸ்பேஸிலிருந்து உண்மையான நேம்ஸ்பேஸுக்குச் சேர்வரைக் கொண்டுவந்தேன், கிளவுட்டின் பட்டியலில் புது இடத்தை எழுத மறந்துவிட்டேன். கிரெஷ்ஷைப் பார்த்துச் சிரித்தவள் நான்!

திருத்தம் ஒரு வரிதான். ஆனால் எங்களிடம் எல்லாம் கிட் என்கிற பொதுப் பதிவேட்டில் எழுதித்தான் நடக்கும். எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். முகிலன் இரண்டு அடி தள்ளி இருந்தான். கேட்டிருக்கலாம். கேட்டால் மறந்தது தெரிந்துவிடும். முதல் பெரிய வேலை, ரெகுலாவிடம் போகும், சோதனைக் காலம்... 5.20 ரயிலை விட்டால் ஆறரைக்குக் கிரெஷ் பூட்டிவிடும்.

டிசம்பரில் சோதனைக்காக எடுத்த பழைய சாவி ஒன்று என் கணினியில் இருந்தது. அப்போதே அழித்திருக்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்திருந்தேன். என் குணம் அது. பையில் மேலதிகமாக நாலு டயப்பர் வைக்கிற அதே குணம்.

அதைக் கையால் உள்ளே வைத்தேன். ஓடியது. சில நிமிடங்களில் மறுபடி சிவப்பு. ஆர்கோ என்கிற தானியங்கி! கிட்டில் எழுதியிருப்பதும் ஓடுவதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. கையால் செய்ததைத் திருப்பி வைத்துவிட்டது. அதன் கடமையை அது செய்தது. நான் அதை நிறுத்தினேன். எங்கள் செயலிக்கு மட்டும் தானியங்கி ஒத்திசைவை நிறுத்திவிட்டு, மறுபடி சாவியை வைத்தேன். பச்சை.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா? எல்லாம் ஓகேதானே?" என்றான் முகிலன்.

"ஓம், ஓகே."

ஓடிப்போய் ரயில் பிடித்தேன். திங்கட்கிழமை காலையிலேயே ஒழுங்காகச் செய்துவிடுவேன். ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ரெகுலாவுக்கு எழுதுவோமா? நாளைக்கு. நாளைக்கு எப்படியும் சரிசெய்வேன்தானே.

ஜனவரி 26, திங்கள்

காய்ச்சல். 39.4. பிள்ளை தோளை விட்டு இறங்கவில்லை. வேலைக்குப் போகவில்லை. ரெகுலாவுக்கு "பிள்ளைக்குக் காய்ச்சல், வரமுடியவில்லை" என்று அனுப்பினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

பதினொரு மணிக்குச் சிவமலர் மச்சாள் ஃபோன். லக்ஷனின் அக்கா. வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிறவர். அவருடைய நிறுவனத்தில் எங்கள் செயலியைத்தான் பாவிக்கிறார்கள். எந்த வீடு, எத்தனை மணி, என்ன மருந்து, எல்லாம் அதில்தான் வரும்.

"உங்கடை கந்தோரிலை என்ன நித்திரையோ எல்லாரும்? ஏழு மணிக்கு ஒரு வீட்டை போய் பெல் அடிக்கிறன், அடிக்கிறன், சத்தமில்லை. பக்கத்து வீட்டு மனிசி எட்டிப் பாத்துச் சொல்லுது, அந்தாளை விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினமாம். அவருக்குப் பதிலா மதாம் ஜானேயை எனக்குப் போட்டிருக்கினம். ஃபோன் ஒரு சொல் சொல்லேல்லை! கந்தோர் தேடிப்பிடிச்சுச் சொல்லி நான் போகேக்குள்ளை பத்தரை. இன்சுலின் போடுற மனிசி. ஊசி போடாமல் சாப்பிடக் கூடாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். பாணையும் ஜாமையும் முன்னாலை வைச்சுக்கொண்டு, கை நடுங்க நடுங்க, மூண்டு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு இருந்திருக்கு, பிள்ளை."

"இப்ப எப்பிடி இருக்கிறா?"

"இப்ப பரவாயில்லை. இதைச் செய்தவன் மட்டும் என்ரை கையிலை அம்பிடோணும்."

காலையில் மாறும் ஒழுங்குகள் ஃபோனில் உடனே தெரிவதில்லை என்று ஒரு பிழை இருந்தது. அது திருந்தும்வரை அவர்களுடைய அலுவலகம் ஒவ்வொருவருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லும். முகிலன் அதைத் திருத்தி நேற்றுக் கிட்டில் சேர்த்திருக்கிறான். சேர்த்தால் ஆர்கோ கொண்டுபோய்விடும், எப்போதும் அப்படித்தான். "திருத்தம் போய்விட்டது, இனி ஃபோன் வேண்டாம்" என்று அறிவித்தும் விட்டான். அவர்கள் ஃபோன் பண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். திருத்தம் போகவில்லை. கொண்டுபோகிறவனை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

உடனே குழுவுக்கு எழுதினேன்: திருத்தம் போய்ச் சேரவில்லை, அலுவலகத்தைத் திரும்ப ஃபோன் பண்ணச் சொல்லுங்கள். அவ்வளவுதான் எழுதினேன். ஏன் போகவில்லை என்று எழுதவில்லை.

ஒருவரும் எதையும் தொட வேண்டாம், நாளை எட்டு மணிக்குச் சேர்ந்து பார்ப்போம் என்று ரெகுலா பதில் போட்டார். பின்னேரம் முகிலனிடமிருந்து தனியாக:

"வியாழக்கிழமை ஒத்திகைல ஆர்கோவ நிறுத்துனது நான்தாங்க. திரும்பப் போட்டேன்னுதான் நினைச்சேன். போடல போல. ஒரு பாட்டி சாப்பிடாம இருந்தாங்களாமே. மனசே சரியில்ல."

அவன் திரும்பப் போட்டான். நான் கண்ணால் கண்டேன்.

பதில் எழுதவில்லை. என்ன மனிசி நான்? ஒரு ஆள் தன்ரை ஞாபகத்தையே சந்தேகப்படுறான், நான் பிள்ளைக்குப் பனடோல் அளந்து குடுத்துக்கொண்டு இருக்கிறன்.

ஜனவரி 28, புதன்

மச்சாளுக்கு இன்று ஓய்வு நாள். பிள்ளையைப் பார்க்க வந்தார். நான் பேர்னுக்குப் போனேன்.

எட்டு மணி. சின்ன அறை. ரெகுலா கணினியைத் திரையோடு இணைத்துக்கொண்டிருந்தார். முகிலன் ஆங்கிலத்தில் தொடங்கினான்: "வியாழக்கிழமை நான்..."

"இல்லை," என்றேன். ஜெர்மனில்தான் வந்தது. பிழை பிழையாக வந்தது. வெள்ளிக்கிழமை நிறுத்தியது நான். பட்டியலை மறந்தது நான். பழைய சாவியை வைத்ததும் நான். முகிலன் ஒத்திகை முடிந்ததும் திரும்பப் போட்டதை நான் பார்த்தேன்.

திரை வந்தது. யார், எப்போது நிறுத்தியது எல்லாம் சிவப்பு எழுத்தில் அங்கே கிடந்தது. நான் சொல்லாவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதனால்தான் சொன்னேனா? தெரியவில்லை. இதிலாவது பொய் எழுத வேண்டாம். தெரியவில்லை.

ரெகுலாவின் முதல் கேள்வி: "அந்தச் சாவி இப்போதும் திறக்குமா?"

"திறக்கும்."

"முதலில் பட்டியலைத் திருத்து. பிறகு சாவியை அழி. மற்றதெல்லாம் பிறகு."

ஒரு வரி எழுதினேன். முகிலன் பார்த்து ஒப்புக்கொண்டான், என்னைப் பார்க்காமல். சாவியை அழித்தேன். ஆர்கோவைத் திரும்பப் போட்டேன். நான் கையால் வைத்ததையெல்லாம் அது கழற்றிப் போட்டது. சேர்வர் தானாகத் துண்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனது. முகிலனின் திருத்தமும் போனது. எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம். வெள்ளிக்கிழமை கேட்டிருந்தாலும் இதே பதினொரு நிமிடம்தான்.

"ஏன் வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிடவில்லை?" என்றார் ரெகுலா.

"சோதனைக் காலம்," என்றேன்.

அவர் கணினியை மூடினார். "அது முடியும்போது கதைப்போம்."

வெளியே வந்ததும் முகிலன்: "நேத்து பூரா நான் எந்த பட்டன அமுக்குனேன், எத அமுக்கலன்னு யோசிச்சே பைத்தியம் பிடிச்சிருச்சுங்க. என் பர்மிட்டும் இந்த வேலைய நம்பித்தான் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஜனவரி 29, வியாழன்

மச்சாளுக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

"மதாம் ஜானேயிட்டை மன்னிப்புக் கேட்டது நான், தெரியுமோ?"

"ஓம் மச்சாள்."

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"விட்டிட்டுது."

"சரி, வை."

லக்ஷனுக்குத்தான் கூடக் கோபம். சாவிக்காக இல்லை. "எனக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் செஃப்பிட்டைச் சொல்லிப்போட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியிருப்பன். பட்டியலிலை இப்ப என்ரை பேரும் இருக்கு. நீர்தான் எல்லாத்தையும் தனியத் தூக்கிக்கொண்டு திரியிறீர்."

எனக்கு அது தோன்றவே இல்லை. உண்மையிலேயே தோன்றவில்லை.

பெப்ரவரி 4, புதன்

ஆர்கோவைக் கையால் நிறுத்தும் உரிமையை இனி எவருக்கும் இல்லாமல் ஆக்கச் சொன்னார் ரெகுலா. அவருக்கும் சேர்த்துத்தான். நான்தான் எழுதினேன். முகிலன் இரண்டு பிழை பிடித்தான், இரண்டும் சரி. மூன்றாம் தரம் ஒப்புக்கொண்டு, கீழே எழுதியிருந்தான்: "டீ குடிக்கப் போலாமா?"

பெப்ரவரி 27, வெள்ளி

சோதனைக் காலத்தின் கடைசி வேலை நாள். காலையிலிருந்து ரெகுலாவின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

"நீ மறந்தது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நாலு நாள் சொல்லாமல் இருந்தது பெரிய விஷயம். அதைக் கோப்பில் எழுதியிருக்கிறேன். நீயாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறேன்."

"அப்ப நான்..."

"திங்கட்கிழமை அடுத்த செயலியைத் தொடங்கு. அதுவும் உன்னுடையதுதான்."

கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு ரயில்.

மார்ச் 6, வெள்ளி

இரண்டாவது செயலி, மாத்திரைகளுக்கு ஓடர் கொடுப்பது. மூன்றரைக்கு மாற்றினேன். நாலு ஐம்பதுக்குச் சிவப்பு. இந்தத் தடவை பட்டியல் சரி. வேறு ஏதோ. என்னவென்று தெரியவில்லை.

கிட்டில் ஒரு வரியைத் திருப்பி எழுதினேன், முகிலனிடம் காட்டினேன். "என்னாச்சு?" என்றான். "தெரியாது," என்றேன். ஒப்புக்கொண்டான். ஆர்கோ பழையதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

குழுவுக்கு எழுதினேன்: "இன்று முடியவில்லை. காரணம் இன்னும் தெரியாது. பழைய நிலைக்குத் திருப்பிவிட்டேன். திங்கட்கிழமை தொடர்வேன். இப்போது பிள்ளையை எடுக்கப் போகிறேன்."

அனுப்பிவிட்டு அதை இரண்டு தரம் வாசித்தேன். கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிரெஷ்ஷுக்கு இருபது நிமிடம் முந்தியே போய்விட்டேன். யாதவி ஒரு மரக்கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். தூக்கியதும் கரண்டியை விடமாட்டேன் என்று வீரிட்டு அழத் தொடங்கினாள். சரி என்று நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவளோடு தரையில் இருந்தேன்.