செல்வி துணைக்கு இருந்த நாட்கள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஜன்னலுக்குக் கீழே கன்டெய்னர் லாரிகள், நகராமல் ஹாரன் மட்டும். ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். கர்ப்பப்பை, சினைப்பை, ஒட்டியிருந்த குடலில் ஒரு துண்டு. எல்லாம் எடுத்தாகிவிட்டது. இன்னும் மூன்று கீமோ பாக்கி.

துணைக்கு இருந்த அக்காவுக்கு லீவு முடிந்தது. பெண்கள் வார்டு, ஆண்கள் தங்க முடியாது. சாயங்காலம் வந்தபோது இவர் தயங்கித் தயங்கி, "செல்விய வர சொல்லிக்கீறேன்" என்றார்.

"வேணாம்."

"வேற யாரு கீறாங்க நமக்கு?"

பிள்ளை இல்லாத வீடு.

செல்வி இவர் தங்கை. என்னோடு பேசி ஏழு வருடம். அவளுக்குத் தெரியாமல் நடந்த அவள் மகள் திவ்யாவின் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டவள் நான்.

நவ. 5, புதன்

வந்துவிட்டாள். வாளி, பாய், பிளாஸ்க், எனக்கு இரண்டு நைட்டி. முகம் பார்க்கவில்லை. நர்ஸிடம்தான் பேச்சு. "அவங்கள எய்ந்து குந்த சொல்லு சிஸ்டர், தலை வாரணும்."

வாரினாள். சிக்கை மெதுவாகவே எடுத்தாள். போன கீமோவுக்குக் கொட்டியது போக மிச்சம் கொஞ்சம்தான்.

நவ. 6, வியாழன்

காய்ச்சல் 102. வயிறு கல் மாதிரி. கட்டு நனைந்து பழுப்பு நீர், மலநாற்றம். பக்கத்துக் கட்டில் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை.

டாக்டர்: "குடலை வெட்டிச் சேர்த்த இடத்துல கசியுதும்மா. உடனே திறக்கணும்."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது தாலியைக் கழற்றச் சொன்னார்கள். செல்விதான் கழற்றித் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

நவ. 11, செவ்வாய்

நாலு நாள் ஐ.சி.யூ. எதுவும் ஞாபகமில்லை. தாகம் மட்டும்.

இன்று வார்டு. வயிற்றின் இடப்பக்கம் ஒரு பை. இனி மலம் அதில்தான். சிவப்பாக, ஈரமாக, குடலின் நுனி வெளியே. பார்த்ததும் அழுகை. நர்ஸ் மாற்றும் முறையைச் சொல்லச் சொல்ல நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி குனிந்து பார்த்தாள். மத்தியானம் அவளே மாற்றினாள்.

"அசிங்கமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன். ஏழு வருடத்தில் முதல் கேள்வி.

"தெனம் மீன் கொடல் உருவுற கை இது. எனக்கு இன்னா அசிங்கம்? சொம்மா பட்த்துக்க அண்ணி."

அண்ணி என்றுவிட்டாள். சட்டென்று எழுந்து வாளியோடு போய்விட்டாள்.

நவ. 13, வியாழன்

அரை டம்ளர் கஞ்சி. வயிற்றில் நின்றது.

சாயங்காலம் திவ்யா வந்தாள், மகளைத் தூக்கிக்கொண்டு. வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ். வாசலில் அவளைக் கண்டதும் செல்வி எழுந்து வெளியே போனாள். பார்வையாளர் நேரம் முடியும்வரை வரவில்லை. "அம்மா எளச்சுட்டாங்க இல்ல அத்தை?" என்றாள் திவ்யா. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பயந்திருப்பாள்.

நவ. 14, வெள்ளி

தலை வாரும்போது செல்வி பின்னாலிருந்து கேட்டாள். முகம் தெரியாமல் கேட்பது அவளுக்கு வசதி போல.

"ரிஜிஸ்டர் அன்னிக்கி காலையில எங்கூட குந்தி டீ குட்ச்சியே. ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லியிருந்தா தடுத்திருப்ப."

"தட்த்திருப்பேன். அவ அப்பவும் போயிருப்பா. ஆனா நீ சொல்லியிருக்கணும்."

உண்மை. கையெழுத்துக்காக இன்றும் வருந்தவில்லை. அந்த டீக்காக வருந்துகிறேன். "தப்புதான் செல்வி" என்றேன். அவள் சீப்பில் இருந்த முடியை உருட்டிக் காகிதத்தில் மடித்தாள். மிச்சமிருந்ததில் பாதி.

நவ. 17, திங்கள்

பெரிய டாக்டர் நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்போதே தெரிந்துவிட்டது. புண் ஆறாமல் கீமோ கிடையாது. அதற்குள் கல்லீரலில் புள்ளிகள். "உடம்பு தேறட்டும், பார்ப்போம்."

இவர்: "சரியாயிடும்."
அக்கா, போனில்: "மனச தளர விடாதே."
பக்கத்துக் கட்டில் அம்மா: "சாமி கைவிடாது."

செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் போன பிறகு, "உனக்கப்பறம் திவ்யாக்கு யாரு கீறா?" என்றாள்.

அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள். கோபம் வரவில்லை. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"நீதான்" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

நவ. 20, வியாழன்

மறுபடி காய்ச்சல். இரண்டு ஊசி, சொட்டு மருந்து. எழுதக் கை கோணுகிறது.

நாலு மணிக்கு திவ்யா. செல்வி எழுந்தாள், போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. திரையை இழுத்து மூடினாள். நைட்டியை விலக்கினாள். பை நிறைந்திருந்தது.

திவ்யா கட்டில் காலருகே அசையாமல் நின்றாள். செல்வி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கைய சோப்பு போட்டு கய்விகினு வா. எப்டி மாத்துறதுன்னு காட்டுறேன்."