கிழமை போட வேண்டிய இடம்

அண்ணாச்சி,

இன்று காலை பரணிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயை இறக்கினேன். மூடியைத் திருகியதும் மை வாசம் மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெயில் நகப்பூச்சைக் கலந்தது போன்ற அதே வாசம். இத்தனை வருடமும் உள்ளேயே அடைந்து கிடந்திருக்கிறது. சுருளுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். விரிப்பதற்கு முன் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். முதியோர் வகுப்புக்கு ஆறு மாதமாகப் போய்வருகிறேன். ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரமாகிறது. இருந்தாலும் பேனா பிடிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. நேற்று பஸ் பலகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று முழுதாகப் படித்துவிட்டு, ஏறாமலே நின்றுவிட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், கையால் போர்டு வரைந்துகொண்டிருந்த உங்கள் கடைக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் மிஷின் வாங்க மதுரைக்குப் போனோம். விற்பவர் சின்னதைக் காட்டினார். அகலம் போதாவிட்டால் இரண்டாக அடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்றார். நீங்கள் இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்துவிட்டுப் பெரியதையே கேட்டீர்கள். "மனுசன் மூஞ்சியில தையல் விழக் கூடாதுலே" என்றீர்கள்.

இராஜபாளையத்துக்கு அது வந்து இறங்கிய பின் ஒரு வாரம் வேலை. மில்லிலிருந்து பறக்கும் பஞ்சு மைத் துளையை அடைக்குமென்று கண்ணாடித் தடுப்பு போட்டோம். ரசமட்டம் வைத்து நாலு காலையும் சமன் செய்தோம். எர்த் கம்பிக்கு நான் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டினேன். குழி கொஞ்சம் நீளமாகிவிட்டது. எட்டிப் பார்த்து, "மிஷினுக்கு வெட்டுனியா, எனக்கு வெட்டுனியாலே?" என்று கேட்டீர்கள்.

சோதனைக்கு அஞ்சலி போர்டு ஒன்றை அடித்தீர்கள். இனி அதிகம் வரப்போவது அந்த வேலைதான், கருப்பு மை எப்படி விழுகிறதென்று பார்க்க வேண்டும் என்றீர்கள். உயிரோடிருப்பவன் எவனும் அதற்குப் படம் தரமாட்டான் என்று உங்கள் படத்தையே போட்டுச் சிரித்தீர்கள்.

மிஷின் இழை இழையாக அடித்தது. முதலில் முடி, பிறகு நெற்றி. கையால் வரையும்போது கண்ணைக் கடைசியில்தான் திறப்பீர்கள். மிஷினுக்கு அந்த முறை தெரியவில்லை. வாய் வருவதற்கு முன்பே கண் வந்துவிட்டது. செத்த நேரம், வாயில்லாத நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் நின்ற உங்களை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்ததாகப் புது மிஷினுக்குத் திறப்பு விழா போர்டு. அதிலும் அதே படம், அதே பூ. இரண்டும் சுருளாக மூலையில் நின்றன. திறப்பு விழா போர்டை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் கட்டிவிட்டு வரச் சொன்னீர்கள். எனக்கு எழுத்து தெரியாது என்று உங்களுக்குத் தெரியாது. எது எது என்று கேட்க வெட்கப்பட்டு, கைக்கு வந்ததை எடுத்துப்போய் விரித்துக் கட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து உங்கள் மச்சான் வீட்டார், போர்டைப் பார்த்துவிட்டு, மாலையோடு அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள். நீங்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மச்சான் மாலையைக் கீழே விடவுமில்லை, கிட்ட வரவுமில்லை. "கொண்டாங்க, மிஷினுக்குப் போடுவோம்" என்று வாங்கி அதன் தலையில் போட்டீர்கள். எந்தப் பய கட்டினான் என்று அவர் கேட்டபோது, "நாந்தான் மாத்திக் குடுத்துட்டேன்" என்றீர்கள். எல்லோரும் போன பின் என்னிடம் மெதுவாக, "எழுத்து தெரியாதுன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேலே. இனி வேற யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றீர்கள். அவிழ்த்து வந்த போர்டை எரிக்கச் சொன்னீர்கள். முகத்துக்குத் தீ வைக்க எனக்குக் கை வரவில்லை; சுருட்டிக் குழாயில் போட்டு வீட்டுப் பரணில் வைத்துவிட்டேன்.

அந்த வருடமே புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில் பாதி ஏறி உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. வீட்டார் வேறு படம் தேடவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த அதே போர்டில் நாளைப் போட்டு அடித்தார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரில், அதே கம்பத்தில் நானே கட்டினேன். ஏணியின் கீழே டீக்கடைக்காரர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அன்னைக்கு கட்டுன போர்டுலயே சனிக்கிழமைன்னுதான் போட்டிருந்துச்சு. நான் பாத்தேன்."

உங்கள் நாளை நான்தான் ஊரறியக் கட்டித் தொங்கவிட்டேனோ? பிறகு எத்தனையோ தரம் குழாயை இறக்கியிருக்கிறேன், திறந்ததில்லை. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். நீங்கள் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றது ஒரு பக்கம். அவர்கள் சனிக்கிழமை என்று படித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். நானே படிப்பதென்றுதான் வகுப்பில் சேர்ந்தேன்.

இப்போது விரித்துவிட்டேன், அண்ணாச்சி. வெயில் படாததால் மை கொஞ்சமும் வெளுக்கவில்லை. நீங்கள் என்னைவிட இளையவராகிவிட்டீர்கள். அந்தக் கண் அன்று பார்த்தது போலவே பார்க்கிறது. எழுத்துகளில் விரல் வைத்துக்கொண்டே மேலிருந்து கீழே வந்தேன். கண்ணீர் அஞ்சலி. உங்கள் பெயர். ஊர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் கிழமை. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன்.

'கிழமை: பொறவு சொல்லுதேன்.'

கதவைச் சாத்திவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். இரண்டாம் தரமும் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போது, அன்று வாயில்லாமல் என்னைப் பார்த்தவர் இப்போதுதான் பேசியது போல இருந்தது. மறுபடி சுருட்டிக் குழாயில் வைத்துவிட்டேன். எனக்கு ஒன்று ஆனால் இதைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, ஒரு காகிதத்தில் நானே எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறேன். கிழமைக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.