நடுவில் விட்டுவைத்த வெளிச்சம்

அண்ணே,

உன் பெடல்கள் இரண்டும் இன்னும் என் மேசைக்கடியில்தான் கிடக்கின்றன. பழைய வேனிலிருந்து கழற்றி, பலகையில் பூட்டி, நீயே கொண்டுவந்து வைத்தவை. இரத்தோட்டையில் மழை பிடித்துவிட்டால் அவற்றிலிருந்து கிரீஸ் வாடை கிளம்பி அறை முழுக்க நிற்கிறது. இன்று காலையும் அப்படித்தான். ஓங்கி ஓர் உதை விட்டேன். நோவு என் காலுக்குத்தான்.

நான் போர்விமான விளையாட்டு ஒன்றைக் கணினியில் செய்யத் தொடங்கியபோது, வாசித்ததையெல்லாம் உன்னிடம் ஒப்பித்தேன். விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போது விமானியின் உடம்பு பல மடங்கு கனத்துப்போகும். இரத்தம் காலுக்கு இறங்கிவிடும். அதைத் தலைக்கு ஏற்ற இதயம் திணறும். முதலில் நிறம் போகும், பிறகு பார்வை ஓரத்திலிருந்து இருளும், கடைசியில் நினைவே தப்பும். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் காற்றால் நெரிக்கும் உடுப்பு அணிகிறார்கள். அதுவும் போதாமல் தாங்களே தொடையை இறுக்கி, மூச்சை அடக்கி, சில நொடிக்கொரு தரம் 'ஹிக்' என்று விட்டு இழுக்கிறார்கள்.

சீகிரியாவில் ஹோட்டல் வேன் ஓட்டும் நீ, சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். "அப்ப பட்டனத் தட்டுனா போதாது தங்கச்சி. வெளையாடுறவனும் கால இறுக்கணும்" என்றாய். அடுத்த லீவில் பெடல்களோடு வந்து நின்றாய். இரண்டையும் அழுத்தி மிதித்து, மைக்கில் அந்த மூச்சை விட்டால்தான் வளைவில் கறுத்த திரை தெளியும். நல்ல யோசனை. இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் திரை கறுப்பதை வைத்து என் உயிரை வாங்கினாயே! "இப்படி டக்குன்னு கறுக்காது. மொதல்ல ஓரம் சாம்பலாகும். சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு தட்டளவு வெளிச்சம் நிக்கும். அத மட்டும் எடுத்துடாத."

"ஆட்டம் லேசாப் போயிரும்ண்ணே."

"போகட்டும். அந்த வெளிச்சத்துலதான் மனுசன் எதையாவது செஞ்சுக்கணும்."

எங்கே வாசித்தாய் என்று கேட்டேன். "ஒனக்கு மட்டுந்தான் வாசிக்கத் தெரியுமோ?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாத்தளைக்கு உன் வேனில் வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? வளைவொன்றில் நீ தொடையை இறுக்கி, 'ஹிக்' என்று மூச்சு விட்டாய். எனக்காக ஆடிக்காட்டுகிறாய் என்று நினைத்துக் கைதட்டினேன். பிறகுதான் பார்த்தேன். "என்னண்ணே, மொகமெல்லாம் வேர்த்திருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ சிரிச்சிக்கிட்டு வா."

பிறகொரு பகல், இரத்தோட்டை ஏற்றத்தில் வேனை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாய். நிமிரவேயில்லை. பின்சீட்டில் சுற்றுலா வந்த குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு. கீறல்கூட இல்லாமல் இறங்கினார்கள். "கடைசி நேரத்துலயும் நாலு உசுரக் காப்பாத்திட்டான்" என்று செத்தவீட்டில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அண்ணி மட்டும் என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய் அழுதாள்.

"ஹார்ட் ஒழுங்கா அடிக்கல, ஸ்டியரிங்கத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரொம்ப நாளு. அடிக்கடி கண்ணு இருட்டும். தங்கச்சிக்குத் தெரிஞ்சா சாவிய ஒளிச்சிருவா, வாயத் தொறக்காதன்னு எந்தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு."

ஒளித்திருப்பேன். சுதுகங்கை ஆற்றில் எறிந்திருப்பேன். விளையாட்டுக்காக நான் படித்துச் சொன்னதை நீ மயக்கத்துக்குக் கைமருந்தாக்கிக்கொண்டாய். உன் கண் இருண்ட விதத்தைச் சொல்லிச் சொல்லி என்னையே திரையில் எழுதவைத்தாய். பெத்த பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எந்தத் தாயாவது உன்னை நம்பி உட்கார்ந்திருந்தபோது உனக்குக் கூசவில்லையா? ஊர் உன்னை வீரன் என்கிறது. நான் சொல்லமாட்டேன். அவர்களைக் காப்பாற்றியவன் நீதான். அந்த ஆபத்தில் ஏற்றியவனும் நீதான். வேன் போனால் பிழைப்புப் போய்விடும் என்று பயந்தாயாக்கும். நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருந்தேனே, என் உழைப்பில் ஒரு பிடி சோறு உனக்குக் கசந்திருக்குமா? இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. வரவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

விளையாட்டை வாங்கக் கேட்டிருப்பவர்கள் அந்த நடு வெளிச்சம் தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். முடியாது என்று எழுதிவிட்டேன். வாங்காவிட்டால் போகட்டும்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநரின் கால் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். அவர் தொடை இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன். வளைவு வந்தால் என் கால்கள் தாமாக இறுகிவிடுகின்றன. போன வாரம் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மொகமெல்லாம் வேர்த்திருக்கே, சொகமில்லையா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன், அப்படியே உன் குரலில்.