சுவரில் ஒட்டிய என் ஆங்கிலம்

ஜூன் 14, 1943

ஜப்பான்காரர் கணக்கில் ஆண்டை 2603 என்று எழுத வேண்டுமாம். இது என் நாட்குறிப்புக் கொப்பி. 1943.

பகல் பசுபதி வந்தான். என்னவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அவருக்குக் கீழே இருந்தவன். இப்போது ஜப்பான்காரரின் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில். சயாமில் ரயில் பாதை போடுகிற இடத்துக்குக் குமாஸ்தாக்கள், ஸ்டோர் பார்ப்பவர்கள், காயங்கட்டும் டிரெஸ்ஸர்கள் வேண்டுமென்று ஓர் ஆங்கில அறிவிப்பு. அதன் நகலை நீட்டினான்.

"மிஸஸ், ஒருக்கால் பாருங்கோ. எங்கட ஜப்பான் துரை எழுதினது. எனக்கே வாசிக்க வெக்கமாக் கிடக்கு."

வெட்கமா? எனக்கு ரத்தம் கொதித்தது. 'தி கேம்ப் விச் தி மென் வில் லிவ் இன் இட்.' விச் வந்த பிறகு இட் எதற்கு? அடுத்த வரியில் 'தி டாக்டர் விச்'. மருத்துவர் என்ன நாற்காலியா? எங்கள் கான்வென்டில் இப்படி எழுதியிருந்தால் அந்தத் தாளை முதுகில் குத்தி முற்றத்தில் நிறுத்தியிருப்பார்கள்.

பென்சிலைப் பிடுங்கினேன். ஆட்கள் தங்கும் முகாம் — 'இன் விச்'. அவர்களைக் கவனிக்கும் மருத்துவர் — 'பை ஹூம்'. யாருடைய குடும்பத்துக்குப் பாதிச் சம்பளம் இங்கேயே கொடுபடுமோ அவர்கள் — 'டு ஹூஸ் ஃபேமிலீஸ்'. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அரை மணி நேரம் பசி தெரியவில்லை.

"இப்பதான் கவர்ன்மென்ட் கடுதாசி மாதிரி இருக்கு" என்றான் பசுபதி. குமாஸ்தாவுக்கு அழகு இதைத் தானே செய்வது என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 17

அரிசியில் பாதி சுண்ணாம்பு. வரிசையில் நின்ற ஒருத்தி ஏன் என்று கேட்டாள், காவல் நின்ற சிப்பாயின் அறை விழுந்தது. நான் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, என் மேல்தான்.

ஜூன் 21

தங்கை மகன் ஜெயரத்தினமும் அவன் பெண்சாதி புஷ்பராணியும் என் முன்னறையில் இருக்கிறார்கள். அவளுக்கு ஏழு மாதம். அவன் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். வேலை போய் எட்டு மாதம்.

மத்தியானம் சிரித்துக்கொண்டு வந்தான். "பெரியம்மா, நான் சயாமுக்குப் பேர் குடுத்திட்டன். மூண்டே மாசம்."

"ஆர் சொன்னது மூன்று மாதம் என்று?"

"சிராங்கூன் ரோட்டுச் சுவரில ஒட்டியிருக்கு. இவ்வளவு நாளும் ஒட்டினதெல்லாம் புளுகு, வாசிச்சாலே தெரியும். இது அப்பிடியில்லை. ஆரோ நல்லாப் படிச்ச மனுசன் எழுதினது, ஒரு பிழை இல்லை. நீங்கள்தானே சொல்லுவியள், ஒழுங்கா எழுதுறவன் ஒழுங்கா நடப்பான் எண்டு."

சொல்லியிருக்கிறேன். இந்த மேசையில் இருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்!

அதைத் திருத்தியவள் நான் என்று சொல்லவில்லை. ஏன்? உண்மையாகவும் இருக்கலாமே என்று நினைத்தேன். நான் எழுதியது பொய்யாக இருக்குமா என்று — ஆம், அப்படியே நினைத்தேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்க முடியாமல் இருக்க.

ஜூன் 22

கிழங்கு விற்க வரும் ருக்கையாவிடம் சயாம் பற்றிக் கேட்டேன். அவள் தம்பி போன வருஷக் கடைசியில் போனவன். அவனோடு போன ஒருவன் இப்போது திரும்பியிருக்கிறான், ஒரு காலோடு.

"வூடா? மழையில மூங்கில் பாயி தாம்மா வூடு. டாக்டர்னு ஒருத்தர் இருந்தாராம், அவரும் பேதியில போய்ட்டாராம். எந் தம்பிய எங்க பொதைச்சாங்கன்னுகூட அந்த ஆளுக்குத் தெரியல." கூடையைத் தூக்கும்போது சொன்னாள்: "இங்கிலீசுல அழகா எழுதி ஒட்டியிருக்கானுங்களாமே. எழுதுன கை வெளங்குமா?"

கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜெயரத்தினத்தைக் கூப்பிட்டு, அதை எழுதியது நான்தான் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "நீங்களா? அப்ப பிறகென்ன பயம்!"

மடையா, நான் இலக்கணத்தை மட்டும்தானடா பார்த்தேன்! மருத்துவர் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. முகாம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. விச்சுக்கு முன்னால் இன் இருக்கிறதா என்று பார்த்தேன்!

கத்திவிட்டேன். புஷ்பராணி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப சொல்லுறியள் மாமி" என்றாள். "நேற்றுச் சொல்லியிருக்கலாம். நேற்று மத்தியானத்துக்குப் பிறகுதான் இவர் திரும்பப் போய்க் கையெழுத்து வைச்சவர்."

கையெழுத்து வைத்தவன் போகாவிட்டால் ஜப்பான்காரரின் ராணுவப் போலீஸ், கெம்பெய்த்தாய், வரும்.

ஜூன் 23

பசுபதியின் வீட்டுக்கே போனேன். பேரை எடு என்றேன்.

"ஏலாது மிஸஸ். லிஸ்ட் துரையின்ர மேசையில."

"உன்னை ஆள் ஆக்கியது என்னவர். நினைவிருக்கிறதா?"

"அவர் செத்துப்போனார். நான் சாகேலாது, நாலு பிள்ளையள்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி கிடக்கு. உங்கட நோட்டீசுக்கு ஆக்கள் வந்து குவிஞ்சிட்டினம். துரைக்குச் சந்தோசம். இன்னொண்டு வேணுமாம், பெரிசா. அதை எழுதித் தாங்கோ. நான் தம்பியை நெஞ்சு வருத்தக்காரன் எண்டு போட்டுப் பேரை வெட்டி விடுறன்."

செருப்பைக் கழற்றவில்லை. அதுவே பெரிய பொறுமை.

ஜூன் 25

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதல் தடவை நான் பொருளைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். இம்முறை பார்த்துக்கொண்டே எழுதினேன். 'இன் விச்' என்று எழுதும்போது மூங்கில் பாய். 'பை ஹூம்' என்று எழுதும்போது பேதியில் போன மருத்துவர். பிழையாக எழுதிக் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். துரைக்குத் தெரியாது, பசுபதிக்குத் தெரியும். ஜெயரத்தினம் போக வேண்டிவரும். ஒரு பிழையும் விடவில்லை.

ஜூன் 28

ஜெயரத்தினத்தின் பெயர் பட்டியலிலிருந்து வெட்டுப்பட்டது. அவன் 'நன்றி' என்றான். அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாதே என்றேன். புஷ்பராணி எனக்குக் கஞ்சி ஊற்றினாள்.

ஜூலை 2

ஒட்டிவிட்டார்கள். இந்தத் தெருவில் மட்டும் மூன்று இடத்தில்.

ஜூலை 6

நாலு வீடு தள்ளி இருக்கும் மங்களம் வந்தாள். சலவைக்காரர் வீடு. வாழையிலையில் இரண்டு கிழங்குப் பணியாரம், கையில் சுவரிலிருந்து கிழித்த அறிவிப்பு.

"அம்மா, எம்மவன் தனசேகரன் ஸ்டோருக்குப் போறேன்னு நிக்கிறான். இங்கிலீசு நல்லா இருக்கு, கவர்ன்மென்ட் வேலைதாங்கிறான். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க படிச்சவங்க. நெசமான்னு சொல்லுங்க, அனுப்பிடுறேன்."

உண்மையைச் சொன்னால் பசுபதி ஜெயரத்தினத்தின் பெயரைத் திரும்ப எழுதுவான். சொல்லாவிட்டால்...

தாளை வாங்கினேன். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தங்கப்போகும் வீடு — வீடு இல்லை. கவனிக்கப்போகும் மருத்துவர் — இல்லை. குடும்பத்துக்குச் சம்பளம் — எவளுக்கும் வந்ததில்லை. மூன்று மாதத்தில் திரும்புவது — ஒரு கால் திரும்பியிருக்கிறது, ருக்கையாவைக் கேள்.

"அடப்பாவி... யாரும்மா இத எழுதுனது?"

"நான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு எந்த மொழியிலும் ஏலாது. ஏன் எழுதினேன் என்றும் சொன்னேன். என் பிள்ளைக்காக என்று.

"ஒங்க புள்ள வூட்டுல இருக்கணும், எம் புள்ள போகணும்." பணியாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரி. நானாக இருந்தால் என் முகத்தில் எறிந்திருப்பேன்.

ஜூலை 7

தனசேகரன் போகவில்லையாம். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி நான் வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஜூலை 9

பசுபதி வேர்த்து விறுவிறுக்க வந்தான். நேற்றுப் புறப்பட வேண்டியவர்களில் பதினோரு பேர் வரவில்லையாம். "மிஸஸ், ஆரோ கிழவி எல்லாம் பொய் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாளாம். துரை விசாரிக்கிறான். நீங்கள் இல்லைத்தானே? இல்லை எண்டு சொல்லுங்கோ!"

"நான் திரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டவளுக்குச் சொன்னேன்."

தலையில் கை வைத்துக்கொண்டான். பாவம் என்று வரவில்லை எனக்கு.

ஜூலை 10

ஜெயரத்தினமும் புஷ்பராணியும் விடியற்காலை மரக்கறி லாரியில் சுவா சூ காங் போய்விட்டார்கள். அங்கே ஒரு சீனரின் தோட்டத்தில் கொட்டில் இருக்கிறது. அந்தப் பெரிய வயிற்றோடு அவளை லாரியில் ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. "நீங்களும் வாங்கோ மாமி" என்று கையைப் பிடித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் பிடித்தாள். அவர்கள் எங்கே என்று யார் கேட்டாலும் எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும்.

நான் போகவில்லை.

ஜூலை 12

காலை பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு திறந்தேன்.

மங்களம். பின்னால் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் கிழித்த தாள். மங்களம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவங்களுக்கும் சொல்லுங்க" என்றாள்.

உட்காரச் சொன்னேன். வாசித்துச் சொன்னேன்.