பேட்டைப் பட்டறைக்கு ஒரு கடன்

பிப்ரவரி 6, 2024, செவ்வாய்

காலையில் பேட்டை தொழிற்பேட்டைக்குப் போனேன். ஸ்வீட்லின் என்கிற பெண்ணின் லேத் பட்டறை. முப்பத்து நாலு வயது, பாலிடெக்னிக் படிப்பு, கணவர் மஸ்கட்டில். பம்புக்குள் சுழலும் சக்கரங்களைக் கடைந்து கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புகிறாள். கம்ப்யூட்டரில் ஓடும் லேத் வாங்க இருபத்தெட்டு லட்சம் வேண்டுமாம். அடமானம் வைக்க வீடோ நிலமோ இல்லை.

வங்கியில் கடன் பிரிவில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். எந்த ஊருக்கு மாற்றினாலும் முதல் மாதம் அக்கம்பக்கத்தார் பேசுவார்கள். வேலை இன்னதென்று தெரிந்ததும் இரண்டு கூட்டம்தான்: கடன் கேட்பவர்கள், கேட்டுக் கிடைக்காதவர்கள். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றேவிட்டது. பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். ‘குற்றாலம்’ என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஆளில்லை.

பிப்ரவரி 12

மேனேஜர் மெர்வின் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். “அண்ணாச்சி, பட்டறைக்கு எதுக்கு மெனக்கெடுதீங்க? பிளாட்டுக்குக் குடுத்தா மூணு நாள்ல முடிஞ்சிரும்லா.”

முடியும். மார்ச் இலக்கும் எட்டும். ஆனால் போன வருஷம் ஐந்து லட்சத்துக்குப் போன அதே மனைக்கு இந்த வருஷம் ஏழு சொல்கிறார்கள். நாங்கள் கொடுத்த பணம் அங்கே விலையை ஏற்றியதைத் தவிர என்ன செய்தது? இதைச் சொன்னேன். “ஒங்க கையெழுத்து, ஒங்க பொறுப்பு” என்றான்.

போட்டேன்.

மார்ச் 4, திங்கள்

அரசு உத்தரவாதத் திட்டத்தில் சேர்த்து, கடன் பாஸாகிவிட்டது. ஸ்வீட்லின் எதிரே உட்கார்ந்து, “சார், இது யாரு போட்டு வச்ச பணம்? யாருக்கும் கொறஞ்சிராதே?” என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னேன். யாருடைய பணமும் இல்லை. அவள் பெயரில் கடன் என்று ஒரு பதிவு, அவள் கணக்கில் வரவு என்று ஒரு பதிவு. அந்த நிமிஷம்தான் அது பிறக்கிறது. மெஷின்காரரின் வங்கிக்குப் போகும்போதுதான் எங்கள் கையிருப்பு இறங்கும்.

“நான் திருப்பிக் கட்டினா?”

“கட்டக் கட்ட அசல் அழிஞ்சிரும்மா.”

“அப்ப கடைசில என்னதான் மிச்சம்?”

“மெஷின். அதுல நீங்க கத்துக்கிட்ட வேலை.”

சிரித்தாள். வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 27

கோயம்புத்தூர் கம்பெனி சரக்கை எடுத்துக்கொண்டு ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை. செப்டம்பரிலிருந்து தவணை நிற்கிறது. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன். அப்புறம் அவளுக்கு எந்த வங்கியும் கதவு திறக்காது. ஒரு வாரம்தான் இருக்கிறது.

டிசம்பர் 2

வேறு கிளைக்குப் போய் அவளுடைய செப்டம்பர் தவணையைக் கட்டிவிட்டேன். நாற்பத்தேழாயிரம். ஊழியர் செய்யக் கூடாது என்று தெரியும்.

டிசம்பர் 4

வந்தாள். உட்காரவில்லை. “நான் கட்டாத தவணைக்கு நன்றின்னு மெசேஜ் வருது. அந்தக் கிளைல கேட்டா ஒங்க பேரச் சொல்லுதாங்க. கடன் பேங்க்ல கேட்டேன் சார். ஒங்ககிட்ட கேட்டனா? புருசன் வெளிநாட்டுல இருக்கவளுக்கு ஆபீசர் தவணை கட்டுதாருன்னு ஊரு பேசாதா?”

வளையலை அடகு வைத்துக் கையோடு பணம் கொண்டுவந்திருந்தாள். கட்டினாள். என் பணத்தை எனக்கே திருப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

என்ன கோட்டித்தனம் பண்ணிட்டேன்! அவளுக்காகவா கட்டினேன்? என் கையெழுத்து தோத்துரக் கூடாதுன்னா? இல்ல, என்கிட்ட அன்னிக்கு ஒருத்தி உக்காந்து பேசினாளே, அதுக்கா — வேண்டாம். எழுத மாட்டேன்.

டிசம்பர் 5

நடந்ததை நானே தலைமையகத்துக்கு எழுதிவிட்டேன். மெர்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். “சொல்லாம இருந்திருக்கலாம்லா அண்ணாச்சி.” அவள்மேல் சந்தேகம் விழக் கூடாது. அவ்வளவுதான்.

டிசம்பர் 23

கோயம்புத்தூர் பணம் வந்து, பாக்கித் தவணை எல்லாம் கட்டிவிட்டாளாம். மெர்வின்தான் சொன்னான்.

ஜனவரி 6, 2025

மெமோ. திருச்செந்தூருக்கு மாற்றல், நகைக்கடன் பிரிவு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடற்கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள். நான் பாதியிலேயே அறைக்குத் திரும்பிவிட்டேன். மத்தியானம் போன். ஸ்வீட்லின்.

“ரெண்டாவது மெஷினுக்கு எழுதிப் போட்டிருக்கேன் சார். புது ஆபீசர் எல்லாம் விசாரிக்காரு. ஒங்க பேரச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா. என் பேரு ஒங்களுக்கு உதவாது.”

போனை வைக்கப் போனேன்.

“அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன்” என்றாள்.

“பேச வேண்டியதத்தான் பேசினீங்க.”

“சரி. பேங்க் பேச்சு முடிஞ்சுது. சாப்ட்டீங்களா அண்ணாச்சி?”

அதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. இப்போது போனை எடுத்துப் பார்த்தேன். பதினேழு நிமிஷம் பேசியிருக்கிறோம்.