ரெஜினாவின் பக்கத்தில் ஒரு திருத்தம்

என் ரெஜி பாப்பா,

எந்திரிச்சாச்சா?

எப்போதும் இதைக் கேட்பவள் நீ. பதில் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொள்பவன் நான். பத்திரிகை வேலை முடிந்து படுக்கிறவனுக்கு விடியற்காலைதான் நல்ல தூக்கம் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடப் போகும் முன் போன் அடிப்பாய். இன்று நான் கேட்டுவிட்டேன். பதில் சொல்லாமல் இருப்பது உன் முறை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னை யாரென்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை ரெஜினா, திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். நாற்பது தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்தவள். துப்பட்டாவை மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலை ஷிப்டுக்கு முன்னால், போனைக் கையில் பிடித்துப் பேசியபடியே ஓடுவாள். அந்த வீடியோக்களைப் பார்க்க ஒரு பெரிய ஊரே சேர்ந்துவிட்டது.

நீ வேகமாக ஓடியவள் இல்லை. நாய் துரத்தினால் என்ன செய்வது, மாதத்தில் அந்த நாட்களில் ஓடலாமா, பைபாஸ் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, ஷூ வாங்கியதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது. இவைதான் உன் பாடங்கள். ஒவ்வொரு நாளும் "ஏலே, எந்திரிச்சாச்சா?" என்றுதான் தொடங்குவாய். கீழே பெண்கள் வரிசையாக "எந்திரிச்சாச்சு அக்கா" என்று எழுதுவார்கள்.

நமக்குள் நடந்த அந்தச் சண்டை ஞாபகம் இருக்கிறதா?

"ஓடுறதுன்னா ஓடு. அதுக்கு எதுக்கு கேமரா? முன்னப்பின்ன தெரியாத பொம்பளைகள ஏலேன்னு வேற கூப்புடுற."

"நீ மட்டும்? முன்னப்பின்ன தெரியாதவன் வீட்டு எழவுக்குப் போயி பேரு, வயசு கேட்டு எழுதலயா? நான் நல்லா இருக்கிறதப் போடுறேன். அம்புட்டுதான் வித்தியாசம்."

அன்று உன்னிடம் தோற்றேன். தோற்றது நல்லதுதான் என்று பிறகு தோன்றியது.

உன் கடைசி வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாய். முகம் சிவந்திருக்கிறது. "நேத்து சிறுமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டேன்ல, அதான் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நான் ரெண்டு நாள் ரெஸ்ட்டு. நீங்க நிறுத்திராதீங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் உன் இணையப் பக்கத்தில் உன் குரல் இல்லை.

அது ஓடிய வலி இல்லை, பாப்பா. டெங்கு. ஆனால் நீ அதை ஓட்டத்தின் கணக்கில் போட்டாய். உன் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளையும் அதையே சொன்னார். எப்போதும் ஓட்டத்துக்குப் பின் போடுகிற வலி மாத்திரையைப் போட்டாய். அந்தக் காய்ச்சலில் அதைப் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. நடுவில் காய்ச்சல் விட்டது. எனக்குப் போன் செய்து "சரியாயிருச்சுண்ணே, நாளைக்கு ஓடிருவேன்" என்றாய். காய்ச்சல் விடுகிற நேரம்தான் இந்த நோயில் ஆபத்தான நேரம் என்று நானே எத்தனை மழைக்காலத்தில் செய்தி எழுதியிருக்கிறேன்? உனக்கு டெங்கு என்று யாருக்குமே தோன்றவில்லையே.

"உடம்பு சொல்றதக் கேளுங்க" என்று அத்தனை பேருக்கும் சொன்னவள் நீ. உன் உடம்பு சொன்னது உனக்கு ஏன் வேறு மாதிரி கேட்டது?

நீ போன மறுநாள் ஒரு பேப்பரின் உள்பக்கத்தில் சின்னதாகச் செய்தி வந்தது. தினமும் ஓடி வீடியோ போட்டு வந்த பெண் திடீரென இறந்தார் என்று. ஓடியதால் இறந்தாள் என்று அதில் எங்கும் இல்லை. ஓடினாள் என்பது உண்மை. இறந்தாள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு பொய் தானாக முளைக்கும். இந்தத் தொழிலில் முடி நரைத்தவன் நான், எனக்குத் தெரியாதா?

அதன்பின் ஒரே வீடியோக்கள். தெருமுனை வரை கூட ஓடியிராதவர்கள் உன் படத்தில் நெஞ்சைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, நாற்பதுக்கு மேல் பெண்கள் ஓடலாமா என்று பேசினார்கள். ஓட்டம் சொல்லித் தருகிற ஒருவர் உனக்காகக் காருக்குள் உட்கார்ந்து அழுதார். கையில் ஒரு புரதப் பொடி டப்பா இருந்தது, அதன் பெயர் நம் பக்கம் தெரியும்படி. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் உன் கடைசி வீடியோவின் கீழ் ஒவ்வொரு விடியலிலும் "எந்திரிச்சாச்சு அக்கா" என்று வந்துகொண்டே இருந்தது. அதற்கு நடுநடுவே, "ஓடியே செத்தவ" என்றும்.

உன் வீட்டுக்காரர் சேவியர், பைக் ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு இறுகிய நட்டையும் பதறாமல் கழற்றுகிற மனுஷன், உன் போனைக் கையில் வைத்திருக்கவே முடியாமல் என்னிடம் கொடுத்தார். "மச்சான், இந்தப் பேஜை மூடிருங்க. அவ குரல் திடீர் திடீர்னு கேக்குது." முப்பதாம் நாள் பூசை முடியட்டும் மாப்ள, மூடிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பூசை முடிந்து வீடு திரும்பினோம். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போன பிறகு வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"இதானே ரெஜினாக்கா வீடு? இரும்பு கேட்டு கீச்சுன்னு கத்தும்னு வீடியோவுல சொல்வாங்க. அதான் தள்ளிப் பாத்தோம்."

மாப்பிள்ளை விழித்தார். "நீங்க யாரும்மா?"

"நான் செல்வி, சேவுகம்பட்டி. இவங்க மும்தாஜ், பேகம்பூர். அக்காவோட வீடியோ பாத்துதான் ஓடுறோம். நீங்கதான சேவியரண்ணே? ரொம்பக் கொறட்டை விடுவீங்களாமே." சொல்லிவிட்டு அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா மச்சான்? ஊரு பூரா சொல்லி வச்சிருக்கா." அதைச் சிரிப்பு என்று எழுத மாட்டேன். உதடு கொஞ்சம் விலகியது.

உட்காரச் சொல்லி, காபி கொடுத்தோம். மும்தாஜ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா ஓடுனதாலயா போனாங்க? நெஞ்சு வலியா?"

மாப்பிள்ளை செல்வியின் டம்ளரை வாங்கி மேசையில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மும்தாஜே தொடர்ந்தாள்.

"எங்க வீட்டுல புள்ளைகளோட அத்தா அந்தச் செவப்பு வட்டம் போட்ட வீடியோவப் பாத்துட்டாரு. 'பாத்தியா உன் அக்கா கதிய'ன்னு என் ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாரு. கெட்டவர் இல்லண்ணே, பயந்துட்டாரு. அந்த ஷூவை வாங்கிக் குடுத்ததே அவருதான். மொட்டை மாடியிலதான் ஓடுவேன், வெளிய கூட இல்ல."

"உனக்காச்சும் பரண்ல இருக்கு," என்றாள் செல்வி. "எங்க மாமியா மாட்டுக் கொட்டத்துல சொருகி வச்சிருக்கு. இனிமே அத மாடுதான் போட்டுக்கிட்டு ஓடணும்."

மும்தாஜ் சிரிக்கவில்லை. "டாக்டர் சொன்னத அக்கா பேஜ்ல நீங்க ஒரு வார்த்தை போட்டா, அத அவருகிட்ட காட்டுவேன். நான் சொன்னா நம்ப மாட்டாரு. உங்க வாயால வந்தா நம்புவாரு."

அவர்கள் போன பிறகு மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"உண்மையப் போட்டா, நானுந்தான மச்சான் அதுல வருவேன்?"

நான் செய்தி எழுதுகிறவன். தவறாக வந்ததற்கு மறுநாள் பேப்பரில் பெட்டி கட்டித் திருத்தம் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறவன். அன்று நானே சொன்னேன்: "டெங்குன்னு மட்டும் போடுவோம் மாப்ள. மத்தது நம்ம வீட்டு விஷயம்."

அவர் தலையாட்டினார், வேண்டாம் என்று. "பாதியச் சொன்னா, ஓடி ஓடித்தான் உடம்புல சத்து போயி டெங்கு தாங்கலன்னு அதையும் திரிப்பானுங்க. அந்தப் புள்ளைக்கு ஷூ கீழ வராது. முழுசா சொல்லிருவோம்."

பேச வேண்டியதை எழுதித் தருகிறேன் என்றேன். "நீங்க எழுதுனா பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கும் மச்சான். நானே சொல்றேன்." மறுநாள் ஒர்க்‌ஷாப்பில், பிரித்துப் போட்ட ஒரு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உன் போனை நான் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"நான் ரெஜினா வீட்டுக்காரன், சேவியர். அவ ஓடுனதால சாகல. டெங்கு. உடம்பு வலிக்குதுன்னு சொன்னப்ப, ஓடுனதுதான், ஓட்டத்த நிப்பாட்டு, தானாப் போயிரும்னு சொன்னேன். அவளும் அப்பிடித்தான் நெனச்சா. அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாத்திருக்கணும். பாக்கல. ஓட்டத்து மேல பழியப் போட்டது மொதல்ல நான்தான். நீங்க போடாதீங்க. காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நல்லா இருந்தா ஓடுங்க."

அந்த வீடியோவை உன் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி வைத்தேன்.

என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். பலர் அழுதார்கள். பலர் அவரைத் திட்டினார்கள். பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு வந்து பேசுகிறான் என்று எழுதினார்கள், பெயர் இல்லாதவர்கள். நீக்கப் போனேன். "இருக்கட்டும் மச்சான். பொய்யாவா சொல்லிட்டானுங்க?" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பொய்தான் மாப்ள, அதுவும் பொய்தான் என்று பலமுறை சொல்லிவிட்டேன். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் அவர் ஏற்க மாட்டேன் என்கிறார். நீ சொன்னால் கேட்பார். நீ எப்படிச் சொல்வாய்? உன் பேரைக் காப்பாற்றப் போய் அவரைக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேனா பாப்பா?

இதை அவரிடம் முழுக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். கொறட்டையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். பிறகு, "இருக்கட்டும், அவ சொன்னதுதான" என்றார்.

சில நாள் கழித்து, காலையில் உன் போன் அதிர்ந்து விழித்துக்கொண்டேன். மும்தாஜ் எழுதியிருந்தாள். "ஷூ கீழ வந்துருச்சு அக்கா. அவரே ஏணி போட்டு எடுத்துக் குடுத்தாரு. தூசி தட்டிட்டு ஓடிட்டேன். மாடியிலதான்."

அது உனக்கு வந்தது. நீ படிக்க வேண்டியது. படிக்க நான் மட்டும்தான் இருந்தேன்.

உன் பக்கத்தை மூட மாட்டேன். "ஓடியே செத்தவ" என்று யார் எழுதினாலும் அதன் கீழ் "திருத்தம்: டெங்கு" என்று எழுதுவேன். நூறு பேர் எழுதினால் நூறு முறை. திருத்தத்தை யாரும் படிப்பதில்லை என்று தெரியும். பரண் உள்ள ஒரு வீட்டில் ஒருவர் படித்தால் போதும்.

சேவியரைத் தனியாக விடமாட்டேன். விடியற்காலையில் உன் போன் அதிரும்போது போர்வையை இழுக்க மாட்டேன், பாப்பா.

எந்திரிச்சாச்சு.

நீ உயிரோடு எழுப்பியபோது ஒரு நாளும் எழாத உன் அண்ணன்,
அமலன்