இப்போதைக்கு ஒன்னுமில்ல, குளிங்க

தென்காசி
ஆனி மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை

மதிப்பும் பாசமும் உள்ள வித்யா மதினிக்கு, ஜெயசித்ரா வணக்கத்துடன் எழுதுவது.

நான் அடித்தால் நீங்கள் போனை எடுப்பதில்லை. சரி, கடிதத்தை என்ன செய்வீர்கள் என்று பார்க்கிறேன். கடையநல்லூர் பரீது பாய் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் இரண்டு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸையும் கொடுத்தனுப்புகிறேன். சிப்ஸை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். படித்த பிறகு நான் கொடுத்த எதையும் தொட உங்களுக்கு மனம் வராது.

உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிதோறும் போய்க் கூட்டி, விளக்கேற்றி வைக்கிறேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் முருங்கை சுவர் தாண்டி வருகிறது என்று சண்டைக்கு வந்தார். ஒரு வருஷமாக அந்தக் காயைப் பறித்துத் தின்றது யார் என்று கேட்டேன், உள்ளே போய்விட்டார்.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் ரோட்டில் மறுபடியும் வேனும் பஸ்ஸுமாக இருக்கிறது. நான் அந்தப் பக்கமே போவதில்லை.

மஸ்கட்டிலிருந்து உங்கள் தம்பி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அக்கா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள், அதையும் பாதியில் வைத்துவிடுகிறாள், கேட்டால் "நான்தானே அவரை அருவிக்கு அனுப்பினேன்" என்ற ஒரே பேச்சுதான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன் மதினி. கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

சங்கர் அண்ணாச்சியும் நானும் என்ன வேலை பார்த்தோம் என்று உங்களுக்கு ஓரளவு தெரியும். விஞ்ஞானிகள் அறுபது வருஷத்துக்கு மேலாகக் கணக்குப் போடும் ஃபோர்ட்ரான் மொழிக்கு ஒரு கம்பைலர் இருக்கிறது. மனிதர் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அது. அதைப் புதிதாக வந்த ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட வைப்பதுதான் எங்கள் வேலை. இரண்டு வருஷம் மண்டையை உடைத்தோம். எல்லா டெஸ்டும் ஓடிற்று, இருநூற்றுப் பதினாலாவது மட்டும் ஓடவில்லை. மூன்று வாரம் அது என் உயிரை வாங்கியது.

அண்ணாச்சி ஆபீசில் ஒரு சட்டம் வைத்திருந்தார். எண்களை மெஷினில் எங்கே வைப்பது என்ற விஷயத்தில் கை வைப்பவர் யாரானாலும், சுவர்ப் பலகையில் சிவப்பு மையில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முஃபீத் எங்களுக்கு மேலதிகாரி, அவனும் அப்படித்தான் எழுதுவான்.

போன ஆடி மாதம், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி மத்தியானம், நான் கை வைத்தேன். சீசன் லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள்; கணக்கு அதில் தங்கும் ஆள், எண்கள் அவன் சாமான். பழைய கம்பைலர், வெளியே போய்வரும் ஆளுக்கு ரூமைப் பூட்டியே வைத்திருக்கும். திரும்பி வந்தால் அவன் சாமான் அப்படியே இருக்கும். புதிய சிஸ்டத்தில் அது சரிப்படவில்லை. அதனால் ஆள் வெளியேறியதும் ரூமைக் காலி செய்து துடைத்துவிடும்படி நான் மாற்றினேன். இருநூற்றுப் பதினாலு ஓடிவிட்டது. ஆனால் பழைய ஆட்கள் எழுதிய கணக்குகள், ரூம் பூட்டியே இருக்கும் என்று நம்பி எழுதியவை. "பழசு ஒன்னுகூட உடையக் கூடாது" என்று அண்ணாச்சி இந்த வழியையே வேண்டாம் என்று தள்ளியிருந்தார்.

நான் பலகையில் எழுதவில்லை. எழுதினால் பிரித்துப் போடச் சொல்வார் என்று பயம். திங்கட்கிழமை எல்லா டெஸ்டும் பாஸாகிப் பச்சையாக வந்ததைக் காட்டி அவர் வாயை அடைக்கலாம் என்ற திமிரும் இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது அவர் கேட்டார்: "ஏட்டி சித்ரா, ஏதும் மாத்துனியா? பலகைல ஒன்னையும் காணோம்." நான் முகம் பார்க்காமல் "ஒன்னும் மாத்தல அண்ணாச்சி" என்றேன்.

அவர் ஏன் கேட்டார் தெரியுமா? ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் முப்பிடாதியம்மாள் கடையில் அவர் ஒரு பெட்டி மாட்டியிருந்தாரே, அதற்காக. மலைமேல் எஸ்டேட்டில் இருக்கும் மழைமானி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எத்தனை மில்லிமீட்டர் என்று அனுப்பும். அவருடைய பழைய ஃபோர்ட்ரான் கணக்கு அதைக் கூட்டிக்கொண்டே வரும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் "இப்போதைக்கு ஒன்னுமில்ல, குளிங்க" என்று அவர் குரலிலேயே பெட்டி சொல்லும், கணக்கு ஓடும் மெஷினிலும் அது கேட்கும். நாற்பது தாண்டினால் சொல்வதற்கு வேறொன்று பதிந்து வைத்திருந்தார். அதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. "நாம ஏத்துன கம்பைலர்ல நம்ம ஊரு மழைதான் முதல்ல ஓடணும்" என்று சொல்லி, அந்த வெள்ளி சாயங்காலம்தான் அதை ஆபீஸ் மூலையில் இருந்த புதிய மெஷினுக்கு மாற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஞாயிறன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். திருவேங்கடத்திலிருந்து உங்கள் அக்கா வீட்டார் குளிக்க வந்தார்கள். அண்ணாச்சி தான் வரவில்லை என்றார். "பிள்ளைக கூட ஆம்பிளைன்னு ஒருத்தர் வேண்டாமா" என்று சொல்லி நீங்கள் அனுப்பினீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை முப்பிடாதியம்மாள் பிறகு என்னிடம் சொன்னார். "அண்ணாச்சி, தண்ணி கலங்குதுல்லா" என்று அவர் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு, "நம்ம பெட்டி ஒன்னுமில்லங்குதே ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு இறங்கியிருக்கிறார். சாயங்காலம் நாலு இருபதுக்கு மலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளைக் கரைக்குத் தள்ளிவிட்டார், அவருக்கு நேரம் போதவில்லை.

மலையில் திடீர் மழை, யார் என்ன செய்ய முடியும் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். முப்பிடாதியம்மாள் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார். மழைமானியும் அன்றைக்கே சாய்ந்து பேச்சில்லாமல் போயிற்று. ஆபீஸ் மூலையில் அவருடைய மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

போன மாதம் எஸ்டேட்டார் மழைமானியை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. வைகாசிக் கடைசியில் ஒரு நாள், காலை பதினோரு மணி, எல்லாரும் வேலையில் இருந்தோம். மூலையிலிருந்து அண்ணாச்சி, "இப்போதைக்கு ஒன்னுமில்ல, குளிங்க" என்றார். முஃபீத் கையிலிருந்த டீயைக் கீழே போட்டுவிட்டான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் சொன்னார். மத்தியானம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஜன்னலைத் திறந்தால் மலையே தெரியவில்லை, அப்படி ஒரு மழை.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். ஆறு, ஒன்பது, பதினொன்று என்று எண்கள் வருகின்றன. ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஒவ்வொரு பத்து நிமிஷமும் கூட்டுத்தொகையின் ரூமைக் காலி செய்து துடைத்துவிடுகிறது. நாற்பதை அது எந்தக் காலத்திலும் தொடப் போவதில்லை. துடைத்தவள் நான் மதினி.

நான் செய்த மாற்றத்தைப் பிரித்துப் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் மழை எண்கள் மெஷினிலேயே இருந்தன. அவற்றை முதலிலிருந்து ஓட்டினேன். மத்தியானம் மூன்று மணி நாற்பதுக்கு வந்த எண்ணில் அண்ணாச்சி குரல் மாறியது. "போதும் கரையேறுங்க, பிள்ளைகளத் தூக்கிக்கிடுங்க" என்றார். தண்ணீர் வந்தது நாலு இருபதுக்கு. நாற்பது நிமிஷம் இருந்திருக்கிறது. அவர் குரலை அவரே கேட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டே வீட்டுக்கு வந்திருப்பார்.

இதை மதினியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா, போன உயிர் திரும்பியா வரப் போகிறது என்று முஃபீத் கேட்டான். இருக்கிற உயிரைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று கத்திவிட்டேன். ஆபீசுக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். பலகையில் அந்தப் பழைய வெள்ளிக்கிழமைத் தேதி போட்டுச் சிவப்பு மையில் எழுதினேன். அதற்கு மேலே அவர் கையெழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறது.

நீங்கள் அவரை அனுப்பினீர்கள் என்பது உண்மை. அக்கா பிள்ளைகள் குளிக்கப் போனால் எந்த வீட்டிலும் அப்படித்தான் அனுப்புவார்கள். அந்த இடத்தில் அவரை நிற்க வைத்தது என் பொய். அந்தப் பழி உங்கள் தலையில் இருக்க வேண்டியதில்லை, என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த மாதம் வருஷத் திதிக்கு நீங்கள் வந்தால் நான் கண்ணில் படாமல் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். அந்த இரண்டாவது குரல் என்னிடம் இருக்கிறது. வேண்டும் என்றால் அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் அழிக்கவும் மாட்டேன். மெஷினை நிறுத்துவதா வேண்டாமா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மலையில் மழை பெய்தால் அது இன்னும் பேசுகிறது. இப்போது சரியாகச் சொல்கிறது.

நம் ஊர்க் கோவில் உலகம்மை உங்களுக்குத் துணை இருக்கட்டும். மன்னிக்க வேண்டாம் மதினி. திட்டுவதற்காகவாவது ஒரு தடவை போன் பண்ணுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பண்ணுங்கள், என்னைத் திட்டித் தீர்க்க உங்களுக்கு நிறையத் தெம்பு வேண்டும்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
ஜெயசித்ரா